மலையடிவாரத்தில் நின்ற சாட்சி

ஆண்டிமடத்தைச் சுற்றியுள்ள நம் ஊர்களில், வரதராசன்பேட்டையிலும் தென்னூரிலும் இன்னும் பல சிற்றூர்களிலும், திருவிழாத் தேர்ப்பவனி என்றாலே வாணவேடிக்கையும் நினைவுக்கு வரும். சீறிக்கொண்டு மேலெழுந்த வாணம் எவ்வளவு உயரம் போயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். கோயில் கோபுரத்தைப் போல் இரு மடங்கு என்பார் ஒருவர். பத்துப் பனை உயரம் என்பார் இன்னொருவர். அளந்து பார்த்தவர் எவருமில்லை. அளக்க வேண்டிய தேவையும் எழுந்ததில்லை.

அந்தத் தேவை இப்போது நம் பிள்ளைகளுக்கு எழுந்திருக்கிறது. 2023 பிப்ரவரி 19 அன்று மாமல்லபுரத்தை அடுத்த பட்டிபுலத்திலிருந்து, பள்ளி மாணவர்கள் உருவாக்கிய 150 மிகச்சிறு செயற்கைக்கோள்களைச் சுமந்து ஓர் இராக்கெட் எழுந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தைக் கடற்கரையிலிருந்து 'ரூமி-1' ஏவப்பட்டது. இவற்றைக் கண்டு வளரும் கல்லூரி மாணவர்கள், ஆள் உயரம்கூட இல்லாத சிறு இராக்கெட்டுகளைச் செய்து, அவற்றுள் உயரமானியை வைத்து அனுப்புகிறார்கள். வானில் போய் வந்த அக்கருவி ஓர் எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணை நாம் எந்த அளவுக்கு நம்பலாம்? இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது இக்கேள்வியைத்தான். இதற்கு விடை தேடப் புகுந்தால், ஒரு துறவுமடத்துத் தோட்டத்தையும், ஒரு மலையுச்சிச் சிற்றாலயத்தையும், மீனவ மக்களின் ஆலயம் ஒன்றையும் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். வெடிமருந்தோடு விளையாடும் ஆர்வத்தை நாம் எவ்வகையிலும் ஊக்குவிக்கவில்லை. நம் அரியலூர் மாவட்டத்து விரகாலூரில் 2023 அக்டோபர் 9 அன்று பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் உயிரிழந்தோரின் குடும்பங்கள் இன்னும் கண்ணீரோடு இருக்கின்றன. இராக்கெட் செய்வது, பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில், உரிய அனுமதியோடு, ஆளில்லாத வெளியில் செய்ய வேண்டிய வேலை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

நம் பகுதி உழவர்கள் ஒரு செய்தியை நெடுங்காலமாக அறிவார்கள். கிணற்றில் நீர்மட்டம் கீழே போய்விட்டால், கரைமேல் இருக்கும் பம்பு நீரை உறிஞ்சாது. மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கி வைக்க வேண்டும். எவ்வளவு திறன் வாய்ந்த மோட்டாராயினும், உறிஞ்சி எடுக்கும் உயரம் 10 மீட்டரைத் தாண்டுவதில்லை. நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டுவதே கடினம். இத்தாலி நாட்டுச் சுரங்கக்காரரும் கிணறு வெட்டுவோரும் இதே தடையைக் கண்டு திகைத்தார்கள். முதிய வயதில் கலிலேயோவும் இதைப் பற்றிச் சிந்தித்தார். அவருடைய மாணவர் எவஞ்சலிஸ்தா தொரிச்செல்லியே சரியான விடையைக் கண்டார். பம்பு நீரை இழுப்பதில்லை. கிணற்று நீரின்மேல் அமர்ந்திருக்கும் காற்றின் எடைதான் நீரை மேலே தள்ளுகிறது. அந்த எடை 10 மீட்டர் நீருக்குச் சமம்; அதற்கு மேல் தள்ள அதற்கு வலுவில்லை. நீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு எடையுள்ள பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கவிழ்த்தால், அது ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. 1644 ஜூன் 11 அன்று தொரிச்செல்லி இதைத் தம் நண்பர் மிக்கேலாஞ்சலோ ரிச்சிக்கு மடலாக எழுதினார். காற்று என்னும் கடலின் அடித்தளத்தில் நாம் மூழ்கி வாழ்கிறோம் என்னும் கருத்தை அம்மடலில் காணலாம். அதைப் பெற்ற ரிச்சி பின்னாளில், 1681இல், கர்தினாலாக உயர்த்தப்பட்டார். நம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தது அதற்கு முந்தின ஆண்டில்தான்.

செய்தியைப் பிரான்சு நாட்டிற்குக் கொண்டு சேர்த்தவர் மரின் மெர்சேன் என்னும் துறவி. பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையைச் சேர்ந்தவர் அவர். சபையின் பெயருக்கே 'மிகச் சிறியோர்' என்பது பொருள். பாரிசிலிருந்த அவருடைய சிற்றறை, ஐரோப்பிய அறிஞர் பலரின் மடல்கள் வந்து சேரும் அஞ்சலகம் போல் விளங்கியது. அவர் வழியாகப் பரவிய செய்தி இளைஞர் பிளேஸ் பாஸ்கலை எட்டியது. பாதரசத்தைத் தாங்குவது காற்றின் எடையே என்றால், மலைமேல் ஏறும்போது நமக்கு மேலுள்ள காற்று குறைகிறது. பாதரசமும் இறங்க வேண்டும். பாஸ்கல் நோயாளி, பாரிசில் இருந்தார், அருகில் மலையும் இல்லை. ஆகவே 1647 நவம்பர் 15 அன்று, கிளேர்மோன் நகரில் வாழ்ந்த தம் அக்காள் கணவர் ஃபுளோரன் பெரியேவுக்கு எழுதி, அந்நகரை ஒட்டியுள்ள புய் தெ தோம் மலையில் இதைச் சோதித்துப் பார்க்கும்படி வேண்டினார்.

அத்தான் உடனே செய்துவிடவில்லை. அலுவல், மழை, பனி, மூடுபனி என்று பத்து மாதங்கள் ஓடின. 1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை, காலை வானம் தெளிந்தது. அதற்குப் பதினெட்டு நாள் முன்னதாகவே மெர்சேன் இறந்துவிட்டார்.

அன்று நடந்தவற்றைப் பெரியே விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அதைப் படிக்கும்தோறும் நமக்கு வியப்பு மிகுகிறது. அவர் தனியாகப் போகவில்லை. மினிம் சபைத் தந்தை பானியே, மறைமாவட்டப் பேராலயக் குருகுலத்தைச் சேர்ந்த மொனியே, அரசு வழக்குமன்ற ஆலோசகர் இருவர், மருத்துவர் ஒருவர் எனக் குருக்களும் பொதுநிலையினருமாகச் சேர்ந்து போனார்கள். முதலில் எல்லாரும் நகரின் தாழ்வான பகுதியிலிருந்த மினிம் துறவுமடத்துத் தோட்டத்தில் கூடினார்கள். ஒரே அளவான இரு கண்ணாடிக் குழாய்களில் பாதரசம் நிரப்பி, ஒரே கிண்ணத்தில் அருகருகே கவிழ்த்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே உயரம்: நம் அளவையில் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர். ஒரு குழாயை அப்படியே அங்கே நிறுத்தி, மடத்துத் தந்தை ஷாஸ்தேன் என்பவரிடம், நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மற்றக் குழாயோடு மலையேறினார்கள்.

தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், மலையுச்சியில், பாதரசம் 62.7 சென்டிமீட்டரில் நின்றது. எட்டரை சென்டிமீட்டர் குறைவு! பெரியே அதோடு மனநிறைவு கொள்ளவில்லை. உச்சியிலேயே வெவ்வேறு இடங்களில் ஐந்து முறை அளந்தார். அங்கிருந்த சிற்றாலயத்திற்குள் ஒரு முறை, திறந்த வெளியில் ஒரு முறை, காற்று வீசும்போது, மறைவான இடத்தில், மழையும் மூடுபனியும் வந்தபோது என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே அளவு. இறங்கி வரும் வழியில் இடையிலும் அளந்தார்; இடைப்பட்ட அளவே கிடைத்தது. தோட்டத்திற்குத் திரும்பியபோது தந்தை ஷாஸ்தேன், வானிலை மாறி மாறி வந்தும் தம் குழாயில் பாதரசம் சிறிதும் நகரவில்லை என்று சொன்னார். மலையேறி வந்த குழாயும் அவர் காத்த குழாயும் மறுபடி ஒரே உயரத்தைக் காட்டின.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும் பாடநூல்கள் பாஸ்கலைப் போற்றும். பெரியேயை ஒரு வரியில் குறிப்பிடும். ஷாஸ்தேனைக் குறிப்பிடுவதே அரிது. நம் கருத்தில், அன்று மிகக் கடினமான வேலையைச் செய்தவர் அவர்தான். எதுவும் நிகழாத ஒன்றை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. அவர் இல்லாதிருந்தால், அன்றைய வானிலை மாற்றத்தால்தான் பாதரசம் இறங்கியது என்று எவரும் எளிதாக வாதிட்டிருப்பார்கள். மலையுச்சியின் எண் சான்றாக மாறியது, அடிவாரத்தில் நின்ற சாட்சியால். ஒருவர் சொல்வதை மட்டும் கொண்டு தீர்ப்பிடலாகாது, இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற இணைச்சட்ட நூலின் நெறி அத்தோட்டத்தில் அறிவியலாக நின்றது எனலாம்.

திருச்சபையார் அறிவியலுக்கு எப்போதும் பகைவர் என்போரும், எப்போதும் துணைவர் என்போரும் இவ்வரலாற்றை நிதானமாகப் படிப்பது நல்லது. குழாயின் மேற்பகுதியில் இருப்பது வெற்றிடம் என்பதைக் கடுமையாக மறுத்துப் பாஸ்கலோடு வாதிட்ட எத்தியேன் நோவேல், சேசு சபைக் குரு. குழாயைக் காத்தவரும் துறவியே. மறுநாள் இன்னொரு குரு, ஓரத்தோரியன் சபையைச் சேர்ந்தவர், மலைக்கு மாறாகக் கிளேர்மோன் பேராலயக் கோபுரத்தின் அடியிலும் உச்சியிலும் அளந்தால் வேறுபாடு தெரியுமா என்று ஆவலோடு கேட்டார். பெரியே அதையும் செய்தார். ஏறத்தாழ 39 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தில் பாதரசம் நாலரை மில்லிமீட்டர் இறங்கியது.

நம் பகுதியில் மலை இல்லை. ஆனால் ஆண்டிமடத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடையது. நம் வெப்பத்தில் ஏறக்குறைய 9 மீட்டர் உயர்ந்தால் காற்றழுத்தம் 1 மில்லிபார் குறையும். எனவே அவ்விமானத்தின் அடிக்கும் உச்சிக்கும் இடையே 6 மில்லிபார் வேறுபாடு இருக்கும். பாதரசக் கணக்கில் அது 5 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. வானிலை அறிக்கையில் நாம் கேட்கும் மில்லிபார் என்னும் அளவுக்கு இப்போது ஹெக்டோபாஸ்கல் என்று பெயர். கோபுரத்தில் பாதரசத்தைப் பார்த்தவரை அன்று, தோட்டத்தில் அதைக் காத்தவரை அன்று, பாரிசில் படுத்திருந்தவரையே உலகம் பெயரிட்டு நினைவுகூர்கிறது!

இதன் பின் உயரத்தை அளக்க நூலோ கோலோ வேண்டியதில்லை. காற்றழுத்தமானி போதும் என்றாயிற்று. 1783 டிசம்பர் 1 அன்று பாரிசில் நீரகவளிக் கூண்டில் பறந்த ழாக் சார்ல், காற்றழுத்தமானியைக் கையோடு கொண்டு சென்று தம் உயரத்தை அறிந்தார். 1844இல் லூசியன் விதி, பாதரசமே இல்லாமல், காற்று நீக்கப்பட்ட சிறு உலோகப் பெட்டியின் சுருக்கத்தைக் கொண்டு அழுத்தம் காட்டும் கருவியைச் செய்தார். விமானங்களின் உயரமானி அதன் வழிவந்தது. இன்று மாணவரின் இராக்கெட்டில் இருப்பது விரல்நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் துண்டு. ஆயினும் அதன் வேலை பெரியேயின் குழாய் செய்த வேலையே. அது உயரத்தை அறிவதில்லை, அழுத்தத்தை அறிகிறது. உயரம் என்பது அதிலிருந்து நாம் கணக்கிட்டுக்கொள்வது.

மிக உயரத்தில் இம்முறை பயன்படாது. அங்கே அளப்பதற்குக் காற்றே இல்லை. இதற்கு நமக்கு அண்டையிலேயே ஒரு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய், புவியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடமொன்றைத் தேடித் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தார். அங்கே மீனவ மக்களின் புனித மகதலா மரியாள் ஆலயமும், ஆயரின் இல்லமும், மக்களின் குடிசைகளும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா, ஞாயிறு வழிபாட்டின்போது இறைமக்கள் முன்னிலையிலேயே இவ்வேண்டுகோளை வைத்து அவர்களுடைய இசைவைக் கேட்டார் என்றும், மக்கள் 'ஆமென்' என்றார்கள் என்றும் அப்துல் கலாம் பின்னாளில் பலமுறை நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். மக்கள் வேறிடம் பெயர்ந்தார்கள். அவர்களுக்குப் புதிய ஆலயம் எழுப்பப்பட்டது. பழைய ஆலயம் அலுவலகமும் ஆய்வகமும் ஆயிற்று. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். கொடுத்தவர்கள் பெருமனத்தோடு கொடுத்தார்கள் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். கடலை நம்பி வாழ்வோருக்குக் கரையை விட்டுப் பெயர்வது எத்தகைய இழப்பு என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

1963 நவம்பர் 21 அன்று மாலை அங்கிருந்து எழுந்த நைக்-அப்பாச்சி இராக்கெட் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உயரம் சென்றது. அது பிரான்சிலிருந்து வந்த சோடியம் ஆவிக் கருவியைச் சுமந்திருந்தது. அந்தி வானில் அது விட்டுச் சென்ற ஆவித்தடம் செம்மஞ்சளாக ஒளிர்ந்ததைத் தென்கோடி மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இத்தகைய ஆய்வில், ஆவித்தடத்தை ஒன்றுக்கொன்று தொலைவான பல இடங்களிலிருந்து நிழற்படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படத்திலும் அது வெவ்வேறு விண்மீன்களுக்கு முன்னால் தெரியும். அக்கோணங்களை ஒப்பிட்டே உயரமும் மேற்காற்றின் வேகமும் கணிக்கப்படும். ஒரே படக்கருவி எவ்வளவு சிறந்ததாயினும் உயரத்தைச் சொல்லாது. இங்கேயும் சாட்சி ஒன்றுக்கு மேல் வேண்டியிருந்தது.

ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் செல்லும் மாணவரின் சிறு இராக்கெட்டுக்கோ காற்றழுத்தமே இன்றும் துணை. அங்கே எழும் சிக்கல் வேறு. கருவி இராக்கெட்டின் உடலுக்குள் அடைபட்டிருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் அதற்கு எப்படித் தெரியும்? புய் தெ தோம் உச்சியில் சிற்றாலயத்தின் உள்ளேயும் வெளியேயும் பாதரசம் ஒரே அளவு காட்டியது ஏனெனில், அக்கட்டடத்தின் வாசலும் இடுக்குகளும் உள்காற்றையும் வெளிக்காற்றையும் சமமாக வைத்திருந்தன. ஆலயம் அசையாமல் நின்றது. காற்றுக்குப் போதிய நேரமும் இருந்தது. இராக்கெட்டோ சில நொடிகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறிவிடுகிறது. உள்ளிருக்கும் காற்று அதே வேகத்தில் வெளியேறியாக வேண்டும். அதற்காக உடற்குழாயில் இடும் காற்றுத்துளைகளின் அளவிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

துளை மிகச் சிறிதானால் உள்காற்று தேங்குகிறது. ஏறும்போது கருவி உண்மையைவிடக் குறைந்த உயரத்தையும், இறங்கும்போது மிகுந்த உயரத்தையும் சொல்கிறது. செய்தி எப்போதும் காலந்தாழ்ந்து வருகிறது. உச்சியை அடைந்துவிட்டோம் என்று உணர்ந்து பாராசூட்டை விரிக்கச் சொல்ல வேண்டியது இக்கருவியே. அது தாமதித்தால், இராக்கெட் மூக்கு கீழாகத் திரும்பி வேகமெடுத்த பின் பாராசூட் விரிந்து கிழிந்துபோகும். பிறகு தரையில் நிற்பவர்களின் தலைக்கு யார் பொறுப்பு? துளை மிகப் பெரிதானால் வேறு கேடு. குழாயை உரசிச் செல்லும் காற்றின் சுழற்சியும், பக்கவாட்டில் மோதும் காற்றும் உள்ளே புகுந்து, எண்களை அலைக்கழிக்கும்.

இத்துறையில் பழகியவர்கள் நெடுநாள் பட்டறிவால் ஓர் அளவைக் கைக்கொள்கிறார்கள். கருவி இருக்கும் அறையின் கொள்ளளவு 1,640 கன சென்டிமீட்டர் என்றால், 6.35 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளையின் பரப்பு வேண்டும். அதாவது 100 கன அங்குலத்திற்குக் கால் அங்குலத் துளை. அப்பரப்பை ஒரே துளையாக இடாமல், மூன்றாகவோ நான்காகவோ பிரித்துக் குழாயைச் சுற்றிச் சமதூரத்தில் இட வேண்டும். ஒரு பக்கத்துத் துளையில் காற்று மோதி அழுத்தம் கூடினாலும், மறுபக்கத்துத் துளைகளில் குறைந்து, உள்ளே ஏறத்தாழ உண்மையான அளவு நிற்கும். காட்டாக, 5.4 சென்டிமீட்டர் உள்விட்டமும் 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ள அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 570 கன சென்டிமீட்டர். அதற்கு 11 சதுர மில்லிமீட்டர் பரப்பு போதும். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2.2 மில்லிமீட்டர் விட்டம். சணல் ஊசியின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். மூக்குக்கூம்புக்கு மிக அருகில் துளையிடக் கூடாது. குழாயின் விட்டத்தைப் போல் நான்கு மடங்காவது தள்ளி, வழவழப்பான இடத்தில் இட வேண்டும். துளைக்கு முன்னால் திருகாணித் தலையோ வேறு துருத்தலோ இருக்கக் கூடாது. துளையின் விளிம்பில் பிசிறு நிற்கக் கூடாது. பாராசூட்டை வெளித்தள்ளும் மருந்தின் புகை கருவி அறைக்குள் கசியவும் கூடாது. கசிந்தால், வானில் இருக்கும் இராக்கெட் தரைக்குக் கீழே போய்விட்டதாக ஒரு கணம் எண் விழும்.

இவ்வளவு சிறிய துளைக்கு இவ்வளவு கவலையா என்று கேட்போருக்கு ஒரு துயர நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். விமானங்களின் பக்கவாட்டிலும் இத்தகைய சிறு துளைகள் உண்டு. உயரமானியும் வேகமானியும் அவற்றின் வழியேதான் அழுத்தத்தை அறிகின்றன. 1996 அக்டோபர் 2, நள்ளிரவு கழிந்த வேளையில், பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து சிலி நாட்டுச் சாந்தியாகோவுக்கு ஏரோபெரு நிறுவனத்தின் 603ஆம் எண் விமானம் புறப்பட்டது. முன்னதாக விமானத்தைக் கழுவித் துடைத்தபோது, நீர் புகாமலிருக்க அத்துளைகள்மேல் ஒட்டுநாடா ஒட்டியிருந்தார்கள். பணி முடிந்த பின் அதை எடுக்க மறந்தார்கள். சோதித்துப் பார்த்தவர் கண்ணிலும் அது படவில்லை. மேலெழுந்த சற்று நேரத்தில் கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசத் தொடங்கின. வேகம் மிகுந்துவிட்டது என்றும், வேகம் குறைந்து விமானம் விழப்போகிறது என்றும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை ஒலித்தது.

கீழே இருட்டும் கடலும். விமானிகள் லீமா கட்டுப்பாட்டு நிலையத்திடம் தங்கள் உயரத்தைக் கேட்டார்கள். நிலையமும் சொன்னது. விமானியின் முன்னிருந்த கருவி காட்டிய உயரமும் அதுவும் ஒத்திருந்தன. அங்கேதான் ஏமாற்றம். நிலையத்தின் திரையில் தெரிந்த உயரம், அவ்விமானமே தன் கருவியிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்த எண். இரண்டு சாட்சிகள் போல் தோன்றியவை உண்மையில் ஒரே சாட்சி. அதுவும் வாயடைக்கப்பட்ட சாட்சி. வானொலி அலையை அனுப்பித் தரையின் நெருக்கத்தை அறியும் மற்றொரு கருவி, மிகத் தாழ்ந்துவிட்டீர்கள் என்று ஓயாமல் எச்சரித்தது. அதற்குத் துளையோடு தொடர்பில்லை. அது உண்மையே பேசியது. ஆனால் அத்தனை பொய்க் குரல்களுக்கு நடுவே எதை நம்புவது? விமானத்தின் இறக்கை கடல்நீரைத் தொட்ட கணத்தில் உயரமானி 9,700 அடி என்று காட்டியது. அதிலிருந்த 70 பேரும் இறந்தார்கள்.

மாணவரின் இராக்கெட்டில் உயிர் எதுவும் பறப்பதில்லை. ஆனாலும், இரண்டு உயரமானிகளை வைத்துவிட்டோம், இரண்டும் ஒத்துப்போகின்றன என்று மகிழ்வோர் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இரண்டும் ஒரே அறையில், ஒரே துளைவழி மூச்சு விடுகின்றனவா? அப்படியானால் லீமாவில் நடந்ததுதான் இங்கும். துளை தவறானால் இரண்டும் சேர்ந்தே தவறும். ஓர் அழுத்தமானியோடு, இராக்கெட்டின் வேகமாற்றத்தை உணரும் கருவியையும் வைப்பவர்கள் உண்மையிலேயே வேறொரு சாட்சியை அழைக்கிறார்கள். தரையில் இருவர் வெவ்வேறு இடத்தில் நின்று கோணம் அளந்தால் மூன்றாவது சாட்சியும் கிடைத்துவிடும்.

கருவி மீண்டு வந்த பின் எண்களைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். ஆவலில் நாம் முதலில் தேடுவது மிகப் பெரிய எண்ணை. அதுவே நம்மை ஏமாற்றக்கூடியது. நேரத்திற்கு எதிராக உயரத்தை வரைந்து பார்த்தால், கல்லை மேலே எறிந்தது போல் உச்சி மழுங்கி வளைய வேண்டும். வளைவின்மேல் ஊசி குத்தியது போல் ஒரே ஓர் எண் நீட்டிக்கொண்டிருந்தால், அது உயரமன்று. காற்றின் வீச்சோ மருந்தின் அதிர்வோ தான். ஒலியின் வேகத்தை நெருங்கும் இராக்கெட்டுகளில் இன்னொரு பொய் உண்டு. அவ்வேகத்தில் உருவாகும் அழுத்த அலை துளைகளைக் கடக்கும்போது அழுத்தம் திடீரென ஏறும். இறங்கத் தொடங்கிவிட்டோம் என்று கருவி நினைத்து, முழு வேகத்தில் போகும்போதே பாராசூட்டை விரித்துவிடும். எனவே அந்நொடிகளில் கருவி என்ன உணர்ந்தாலும் செயல்படாதபடி முன்னரே கட்டளையிட்டு வைக்கிறார்கள்.

மற்றொன்று நம் நாட்டு வெப்பம். உயரமானிகள் பெரும்பாலும், கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பமும் 1013.25 மில்லிபார் அழுத்தமும் உள்ள ஒரு காற்றுமண்டலத்தைக் கற்பனை செய்துகொண்டு கணக்கிடுகின்றன. ஆண்டிமடத்தில் 15 டிகிரியை யார் கண்டார்கள்? வெப்பக் காற்று விரிந்திருக்கும். அதே அழுத்தக் குறைவுக்கு மேலும் உயரம் ஏற வேண்டும். சித்திரை மாதத்து 38 டிகிரி வெயிலில் நம் முந்திரிக்காட்டு வெளியொன்றிலிருந்து இராக்கெட் எழுந்து, கருவி 1,000 மீட்டர் என்று சொன்னால், உண்மையான உயரம் ஏறக்குறைய 1,080 மீட்டர். கருவி இங்கே நம்மைக் குறைத்துச் சொல்கிறது. அதைத் திருத்திக்கொள்ளத் தரையின் வெப்பநிலை தெரிந்தாக வேண்டும். காற்றழுத்தமும் நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை. நம் பகுதியில் காலை 10 மணியளவில் உச்சத்தையும் மாலை 4 மணியளவில் தாழ்வையும் அடைகிறது. வேறுபாடு 3 அல்லது 4 மில்லிபார். காலையில் சுழியம் வைத்து மேசைமேல் விட்ட உயரமானி, ஓரங்குலமும் நகராமல், மாலையில் 30 மீட்டர் ஏறிவிட்டதாகச் சொல்லும். இராக்கெட் சில நிமிடங்களில் திரும்பிவிடுவதால் இது பெரிதாகத் தாக்காது. மணிக்கணக்கில் பறக்கும் பலூன்களுக்கு இது பெரும் பிழை.

ஆகவே நல்ல பயிற்சி பெற்ற மாணவர் குழுக்களில் இரண்டு வேலைகளுக்குத் தனித்தனி ஆள் குறிக்கப்படுகிறார். ஒருவர், ஏவுமுன் கடைசியாகச் சென்று, துளைகளின்மேல் நாடாவோ தூசியோ வண்ணமோ அடைத்திருக்கிறதா என்று பார்த்துப் பட்டியலில் கையெழுத்திடுகிறார். இன்னொருவர் மற்றொரு காற்றழுத்தமானியோடும் வெப்பமானியோடும் தரையில் நிழலில் அமர்ந்து, முதல் ஆள் வந்தது முதல் கடைசிப் பாகம் மீட்கப்படும் வரை, கால் மணிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொண்டிருக்கிறார். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டும் அந்த நொடியிலும் அவர் பார்வை தம் கருவியின்மேல் இருக்க வேண்டும்.